சிதைந்த நற்செய்திச் சுவடியைப் படிப்பது எப்படி? இடைவெளிகளுக்கும் இடறும் பாடங்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய கிரேக்க நற்செய்திச் சுவடிகளின் படங்கள் இன்று பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆர்வத்தோடு படத்தைத் திறப்பவர்கள் நிறையப் பேர், ஆனால் முதல் ஓட்டையைத் தாண்டி மேலே போகிறவர்கள் குறைவு. நான் சில ஆண்டுகளாக நாலைந்து பேரோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து இந்தப் படங்களைப் படித்து வருகிறேன். புதிதாக வருபவர்களைத் தடுக்கி விழவைப்பது பெரும்பாலும் கிரேக்கம் இல்லை, வேலையின் வரிசைதான். கடைசியில் செய்யவேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். அச்சிட்ட பாடத்தை, அதாவது பதிப்பில் வரும் கிரேக்க வாசகத்தை, பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு சுவடியைப் பார்த்தால் அங்கே இல்லாத எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும், அதன்பிறகு அதை மறக்கவும் முடியாது.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். பயிற்சிக்கு ஒரே ஒரு துண்டை எடுத்துக்கொள்கிறேன்: மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கும் பாப்பிரஸ் 52 (பாப்பிரஸ் என்றால் நாணல் தாளில் எழுதிய சுவடி). யோவான் நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் பிலாத்து இயேசுவை விசாரிக்கும் பகுதி. தேவைப்படும் இடத்தில் மற்றச் சுவடிகளுக்கும் போய்வருவோம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

கிரேக்கப் பெரிய எழுத்துகள் 24ம் தயங்காமல் வரவேண்டும். இலக்கணம் ஓரளவு போதும், அகராதியைப் புரட்டிப் பொருள் கண்டுபிடிக்கத் தெரிந்தால் ஆரம்பிக்கலாம். இந்தக் கையெழுத்துகளில் சிக்மா அரைவட்டமாக இருக்கும், அச்சுப் புத்தகத்தில் பார்த்த வடிவத்தைத் தேடாதீர்கள். எப்சிலான், தீட்டா, ஒமிக்ரான், சிக்மா நான்கும் வட்டக் குடும்பம். ஆல்ஃபா, டெல்டா, லாம்டா மூன்றும் முக்கோணக் குடும்பம். மை அழிந்த இடத்தில் ஒரே குடும்பத்துக்குள்தான் குழப்பம் வரும், அதனால் இந்த இரண்டு குடும்பங்களையும் தனியாக எழுதிப் பழகுங்கள்.

சொற்களுக்கு நடுவே இடம் விடாமல் தொடர்ந்து எழுதியிருப்பார்கள். ஓலைச்சுவடி பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை, மற்றவர்களுக்கு இரண்டு வாரம் ஆகும்.

பொருள்கள் என்று பார்த்தால் படத்தின் பெரிய அச்சு ஒன்று, அளவுகோல், கூரான பென்சில், டிரேசிங் தாள், ஒரு நோட்டு. புதிய ஏற்பாட்டின் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பான நெஸ்லே-ஆலந்து வேண்டும், ஆனால் அது மேசைமேல் வரவேண்டியது ஆறாவது படியில். அதுவரை அலமாரியில் இருக்கட்டும்.

ஒரு குறிப்பு: இந்தக் கட்டுரையில் கிரேக்கச் சொற்களைத் தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறேன். நீங்கள் நோட்டில் கிரேக்கத்திலேயே எழுதுங்கள். 'தூதோ' என்று தமிழில் இரண்டு எழுத்தாகத் தெரிவது கிரேக்கத்தில் ஐந்து எழுத்து, எண்ணிக்கை தவறினால் பின்னால் எல்லாமே தவறும்.

2. எந்தச் சுவடி, எந்த ஏடு என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

பாப்பிரஸ்களுக்கு எண் உண்டு, பெரிய தோல் சுவடிகளுக்கு எழுத்தும் எண்ணும் உண்டு. ஜெர்மனியின் மூன்ஸ்டரில் உள்ள புதிய ஏற்பாட்டு மூலபாட ஆய்வு நிறுவனம் இந்தப் பட்டியலைப் பராமரிக்கிறது, பல படங்களையும் அவர்கள் தளத்திலேயே பார்க்கலாம். முதலில் அங்கே போய் உங்கள் துண்டின் எண், இருப்பிடம், மிஞ்சியிருக்கும் வசனங்கள் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இருப்பிடம் ஏன் முக்கியம் என்றால், ஒரே சுவடி பல ஊர்களில் சிதறிக் கிடக்கும். சினாய் சுவடி என்ற பெரிய தோல் சுவடியின் 347 ஏடுகள் லண்டனில் இருக்கின்றன, 43 ஏடுகள் லைப்சிக்கில். இன்னும் சில துண்டுகள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் சினாய் மலையில் புனித கத்தரீன் மடத்திலும் உள்ளன. பாப்பிரஸ் 75 முன்பு ஜெனீவா அருகே போட்மர் நூலகத்தில் இருந்தது, இப்போது வத்திக்கானில். பழைய புத்தகத்தை நம்பித் தேடினால் படம் கிடைக்காது.

மிஞ்சிய வசனங்களைக் குறிப்பது அதைவிட முக்கியம். இங்கேதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு நடக்கிறது. 'இந்தச் சுவடியில் அந்தப் பகுதி இல்லை' என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு: ஏடே தொலைந்துபோயிருக்கலாம், அல்லது ஏடு இருந்தும் எழுதியவர் அதை எழுதவில்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையை (யோவான் 7:53 முதல் 8:11 வரை) எடுத்துக்கொள்ளுங்கள். பாப்பிரஸ் 66லும் 75லும் 7:52 முடிந்ததும் நேராக 8:12 வருகிறது, அதாவது கதை எழுதப்படவில்லை. பாப்பிரஸ் 45லும் அந்தக் கதை கிடையாது, ஆனால் அதற்குக் காரணம் வேறு. ஏறத்தாழ 110 ஏடுகள் (220 பக்கங்கள்) இருந்த அந்தச் சுவடியில் மிஞ்சியது 30 ஏடுகள், யோவான் 8 இருந்த ஏடு அவற்றில் இல்லை. முதல் இரண்டும் சாட்சி சொல்கின்றன, மூன்றாவது வாய் திறக்கவே இல்லை. மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டு 'மூன்று பழைய சுவடிகளில் இல்லை' என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

3. எழுத்தைப் படிக்கும் முன் துண்டைப் பாருங்கள்

பாப்பிரஸ் 52 சுமார் 9 செ.மீ. உயரம், 6 செ.மீ. அகலம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டு பக்கமும் எழுத்து தொடர்ச்சியாக இருப்பதால் இது சுருளில் இருந்து வந்ததல்ல, புத்தகம்போல் மடித்துக் கட்டிய சுவடியின் ஓர் ஏடு என்று தெரிகிறது. முன்பக்கத்தில் இடது ஓரமும் வரிகளின் தொடக்கங்களும் மிஞ்சியிருக்கின்றன. பின்பக்கத்தில் அதே ஓரம் வலது பக்கமாகிவிடுவதால் அங்கே கிடைப்பவை வரிகளின் முடிவுகள். மேல் ஓரமும் கொஞ்சம் இருக்கிறது.

இதை நோட்டில் ஒரு பெட்டியாக வரையுங்கள். எந்தப் பக்கம் ஓரம் இருக்கிறது, எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது, எந்த வரியில் ஓட்டை. காரணம் எளிது: ஓரம் தெரிந்த பக்கத்தில் எழுத்து தொலையவில்லை என்பது உறுதி, கிழிந்த பக்கத்தில் எவ்வளவு தொலைந்தது என்பதைக் கணக்கிட்டுத்தான் சொல்லமுடியும். ஓரத்தைக் குறிக்காதவர்கள் ஒரு மணி நேரம் கழித்து, வரியின் தொடக்கத்தில் இருக்கும் எழுத்துக்கு முன்னால் ஏதோ சொல் இருந்திருக்கும் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

அடுத்து கறுப்பாகத் தெரிவதெல்லாம் மை இல்லை. நாணல் தாளின் நாரில் கறை இருக்கும், ஓட்டைக்குப் பின்னால் நிழல் விழும். ஒரு கறுப்புக் கோடு நாரோடு சேர்ந்தே ஓடினால் சந்தேகப்படுங்கள். மைக்கோடு நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும், நார் உரிந்த இடத்தில் சட்டென்று அறுந்து நிற்கும். அகச்சிவப்புப் படம் கிடைத்தால் கட்டாயம் அதையும் திறந்து ஒப்பிடுங்கள், கரி மை அதில் பளிச்சென்று தெரியும், கறை மங்கிவிடும்.

4. கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள்

இப்போது வரி வரியாகப் பெயர்த்தெழுதலாம். சுவடியில் ஒரு வரி என்றால் நோட்டிலும் ஒரு வரி. சொற்களைப் பிரிக்கவேண்டாம், பொருள் தேடவேண்டாம்.

முழுதாகத் தெரியும் எழுத்தை அப்படியே எழுதுங்கள். பாதி தெரிந்து ஐயமாக இருந்தால் எழுதி, கீழே ஒரு புள்ளி வையுங்கள். ஏதோ எழுத்து இருக்கிறது, எதுவென்று சொல்லவே முடியவில்லை என்றால் வெறும் புள்ளி. தாள் போய்விட்ட இடத்துக்குச் சதுர அடைப்பு, உள்ளே இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம். எழுதியவரே அடித்த எழுத்துக்கு இரட்டைச் சதுர அடைப்பு. 1931ல் லைடனில் வகுத்த முறை இது, அச்சில் வரும் பாப்பிரஸ் பதிப்புகள் இன்றும் இதைத்தான் பின்பற்றுகின்றன. அதனால் இப்போதே பழகிக்கொண்டால் பின்னால் பதிப்புகளைப் படிப்பது சுலபம்.

புள்ளி வைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். எங்களோடு படிக்கும் ஒரு தம்பி முன்பக்கத்தின் ஐந்தாம் வரியைப் படித்தார். அந்த வரியில் 'ரியோன்' என்ற வால், பிறகு ஒரு ஒமிக்ரான், அப்புறம் ஒரு 'பை', அவ்வளவுதான். அவர் 'பிலாத்தோஸ்' என்று ஏழு எழுத்தையும் எழுதி வைத்திருந்தார், அடைப்பும் இல்லை புள்ளியும் இல்லை. கேட்டால், "தெரியுதே அண்ணா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, மனம் அவருக்கு நிரப்பிக் காட்டிவிட்டது. படத்தில் மற்ற வரிகளை ஒரு தாளால் மறைத்து, அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி பார்க்கச் சொன்னேன். அமைதியாக ஆறு எழுத்தை அழித்தார்.

அந்த மறைக்கும் தாள் நல்ல பழக்கம். ஒரு வரியின் பொருள் அடுத்த வரிக்குள் கசியாமல் தடுக்கும். முடிந்தால் கீழிருந்து மேலாகவும் ஒருமுறை படியுங்கள்.

5. பிழைபோல் தெரிவதைத் திருத்தாதீர்கள்

பாப்பிரஸ் 52ல் 'எமக்கு' என்ற பொருளில் வரும் 'ஹேமின்' என்ற சொல் 'ஹேமெயின்' என்பதுபோல் ஒரு எப்சிலான் கூடுதலாகத் தொடங்குகிறது. 'நுழைந்தான்' என்ற 'எயிசேல்தென்' முதல் எப்சிலான் இல்லாமல் 'இசேல்தென்' என்று தொடங்குகிறது. அந்தக் காலத்துக் கிரேக்கத்தில் இவை ஒரே ஒலியாகிவிட்டன, காதில் விழுந்தபடி எழுதினார்கள். இவை பொருள் மாறும் பாடபேதங்கள் இல்லை, ஆனாலும் திருத்தி எழுதினால் எழுத்து எண்ணிக்கை மாறிவிடும், அதோடு இந்தக் கை எப்படி எழுதும் என்ற தடயமும் போய்விடும். அந்தத் தடயம் அடுத்த படியில் தேவை.

சுருக்கப் பெயர்களையும் இங்கே கவனியுங்கள். கடவுள், ஆண்டவர், இயேசு, கிறிஸ்து போன்ற சொற்களைப் பெரும்பாலும் இரண்டு மூன்று எழுத்தாகச் சுருக்கி மேலே ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோட்டைத் தவறவிட்டால் அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டமாகத் தெரியும். யோவான் 1:18ல் 'ஒரே பேறான கடவுள்' என்றும் 'ஒரே பேறான மகன்' என்றும் இரண்டு பாடங்கள் உண்டு. பாப்பிரஸ் 66, 75, வத்திக்கான் சுவடி என்ற தோல் சுவடி ஆகியவை முதலாவதையும், அலெக்சாந்திரியச் சுவடி என்ற இன்னொரு தோல் சுவடி இரண்டாவதையும் தருகின்றன. சுருக்கி எழுதும்போது இரண்டுக்கும் வித்தியாசம் முதல் எழுத்து மட்டும்தான்: தீட்டாவா, உப்சிலானா. இவ்வளவு பெரிய விவாதம் ஒரு எழுத்தில் தொங்குகிறது என்றால், அதன்கீழ் ஐயப் புள்ளி வைப்பதா வேண்டாமா என்பதை நிதானமாகத்தான் முடிவுசெய்யவேண்டும்.

6. இடைவெளியை அளந்த பிறகே நிரப்புங்கள்

இனி அச்சிட்ட பாடத்தைத் திறக்கலாம். உங்கள் பெயர்த்தெழுத்தில் உறுதியான எழுத்துகளை வைத்து வசனத்தைக் கண்டுபிடியுங்கள், நமக்கு அது யோவான் 18:31-33ம் 37-38ம். அப்புறம் அச்சுப் பாடத்தைச் சுவடியின் வரிகளாக உடைத்து எழுதி, ஒவ்வொரு வரியிலும் எத்தனை எழுத்து வருகிறது என்று எண்ணுங்கள்.

பின்பக்கத்தின் இரண்டாம் வரியைப் பார்ப்போம். சுவடியில் மிஞ்சியது 'உலகம்' என்ற சொல்லின் வால், பிறகு 'இனா', 'மார்தூ'. அச்சுப் பாடத்தின்படி அந்த வரி முழுவதும் இப்படி இருக்கவேண்டும்: 'காய் எயிஸ் தூதோ எலேலுதா எயிஸ் டோன் கோஸ்மோன் இனா மார்தூ'. இதற்காகவே பிறந்தேன், இதற்காகவே உலகத்துக்கு வந்தேன் என்று இயேசு சொல்லும் இடம். எண்ணுங்கள்: 3, 3, 5, 7, 3, 3, 6, 3, 5. மொத்தம் 38.

இப்போது அதற்குக் கீழே உள்ள ஐந்து வரிகளையும் அதேபோல் எண்ணுங்கள். 30, 28, 30, 28, 31 என்று வரும். நடுவில் ஒரு வரி மட்டும் 38 எழுத்தா? ஓரத்தைத் தாண்டிப் போகாமல் அது அடங்காது. இரண்டாவது 'எயிஸ் தூதோ'வை, அதாவது இரண்டாம் முறை வரும் 'இதற்காக'வை, எடுத்துவிட்டுப் பாருங்கள். 8 எழுத்து குறைந்து சரியாக 30. 1935ல் இந்தத் துண்டைப் பதிப்பித்த சி. எச். ராபர்ட்ஸ் இதைக் கவனித்துத்தான் அந்தச் சொற்கள் இந்தப் பிரதியில் இருந்திருக்காது என்று கருதினார். கண்ணால் பார்க்கமுடியாத ஓர் இடத்தில் என்ன இல்லை என்பதை ஓரளவு உறுதியோடு சொல்லமுடிகிறது. இந்த வேலையில் எனக்குச் சலிக்காத கணம் இது, முதல்முறை தாங்களே எண்ணிக் கண்டுபிடிக்கும்போது எல்லாருடைய முகமும் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இதே முறையில் இன்னொரு கேள்வி கேட்போம். முன்பக்கத்தின் இரண்டாம் வரியில் தொலைந்த பகுதியில் இயேசுவின் பெயர் வரவேண்டும். அதை முழுதாக எழுதினாரா, சுருக்கினாரா? முழுதாக எழுதினால் வரி 34 எழுத்து, இரண்டெழுத்தாகச் சுருக்கினால் 31. முன்பக்கத்து வரிகளை எண்ணினால் எப்படியும் 31 முதல் 35 வரை ஏறி இறங்குகின்றன. ஆக இரண்டும் பொருந்தும், முடிவு சொல்லமுடியாது. ஆராய்ச்சியாளர்களே இதில் இரு பக்கமாக வாதிட்டிருக்கிறார்கள். முன்பக்க வரிகள் பின்பக்கத்தைவிடச் சற்று நீளம் என்பதையும் கவனித்திருப்பீர்கள், அதனால் ஒரு பக்கத்தின் சராசரியை மறுபக்கத்துக்குப் போடாதீர்கள்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதி: பக்கத்து வரிகள் இயல்பாக எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்று முதலில் பாருங்கள். உங்கள் கேள்வி அந்த அளவைவிடப் பெரிய வித்தியாசத்தைப் பற்றியதாக இருந்தால் கணக்கு பதில் சொல்லும். சிறியதாக இருந்தால் சொல்லாது, அங்கே நிறுத்திக்கொள்ளவேண்டும்.

எண்ணிக்கை மட்டும் போதாத இடங்களும் உண்டு. அயோட்டா ஒரு கோடு, ஒமேகா அகலம். மூன்று அயோட்டா இருக்கும் வரியும் மூன்று ஒமேகா இருக்கும் வரியும் ஒரே நீளமாக இருக்காது. ஐயம் வந்தால் அதே துண்டில் இருக்கும் எழுத்துகளை டிரேசிங் தாளில் பிரதியெடுத்து, நீங்கள் நிரப்ப நினைக்கும் சொல்லை அந்தக் கையெழுத்திலேயே அடுக்கி ஓட்டையின்மேல் வைத்துப் பாருங்கள். நேரம் பிடிக்கும். ஆனால் விவாதம் முடிந்துவிடும்.

7. துண்டு சின்னதாக இருந்தால் இரட்டிப்பு எச்சரிக்கை

பாப்பிரஸ் 52ல் வசனம் ஐயமில்லாமல் தெரிந்ததால் நிரப்பினோம். வசனமே ஊகமாக இருக்கும்போது நிரப்பக்கூடாது. சாக்கடல் அருகே கும்ரான் ஏழாம் குகையில் கிடைத்த ஐந்தாம் கிரேக்கத் துண்டு இதற்கு நல்ல உதாரணம். கட்டைவிரல் அளவுதான் இருக்கும், சுமார் 20 எழுத்துத் தடயங்கள், ஐயமில்லாமல் படிக்கக்கூடியவை அதில் பாதி அளவே. முழுதாக இருக்கும் ஒரே சொல் 'காய்', அதாவது 'உம்'. 1972ல் ஹோசே ஓ'காலகன் என்ற அறிஞர் இதை மாற்கு 6:52-53 என்று அடையாளம் காட்டினார்.

அதை ஏற்பதற்கு என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். டெல்டா இருக்கவேண்டிய இடத்தில் டௌ இருப்பதை ஒலிக்குழப்பம் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். 'கரைக்கு' என்ற பொருளில் வரும் மூன்று சொற்கள் அந்தப் பிரதியில் இல்லை என்று ஒப்புக்கொள்ளவேண்டும். தெளிவாக இருக்கும் 'ந்நேஸ்' என்ற எழுத்துகளைக் கெனேசரேத்து என்று நிரப்பவேண்டும், 'பெற்றான்' என்ற மிகச் சாதாரணமான வினைச்சொல்லிலும் அதே எழுத்துகள் வரும் என்பதை ஒதுக்கவேண்டும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நடக்கக்கூடியதுதான். இத்தனையும் சேர்ந்து பத்துப் பதினைந்து எழுத்துக்குள் நடக்கவேண்டும் என்றால் நிரப்பியதே சான்றாகிவிடுகிறது. பெரும்பாலான அறிஞர்கள் இதை ஏற்கவில்லை.

உங்கள் நோட்டில் ஒரு பழக்கம் வையுங்கள்: நிரப்புவதற்கு எத்தனை விட்டுக்கொடுப்பு தேவைப்பட்டது என்று ஓரத்தில் எண்ணி எழுதுங்கள். இரண்டைத் தாண்டினால் அடைப்பைக் காலியாக விட்டுவிடுங்கள்.

8. ஏடே தொலைந்த இடத்திலும் கணக்கு போடலாம்

ஒரு வரிக்குச் செய்ததை ஏட்டுக்கும் செய்யலாம். அலெக்சாந்திரியச் சுவடியில் யோவான் 6:50 முதல் 8:52 வரை இல்லை, இரண்டு ஏடுகள் தொலைந்துவிட்டன. இரண்டு ஏடு என்றால் நான்கு பக்கம், பக்கத்துக்கு இரண்டு பத்தி (மேலிருந்து கீழாக ஓடும் எழுத்து வரிசை), ஆக எட்டுப் பத்தி. முன்னும் பின்னும் உள்ள பத்திகளில் சராசரி எழுத்துகளை எண்ணி எட்டால் பெருக்குங்கள். பிறகு தொலைந்த பகுதியை விபசாரப் பெண்ணின் கதையோடு ஒருமுறையும், கதை இல்லாமல் ஒருமுறையும் எண்ணுங்கள். கதையோடு சேர்த்தால் எட்டுப் பத்திக்குள் அடங்காது, இல்லாமல் அடங்கும். பாரிசில் இருக்கும் எப்ராயீம் சுவடியில் யோவான் 7:3 முதல் 8:34 வரை இல்லை, அங்கேயும் இதே கணக்கு இதே விடையைத்தான் தருகிறது.

பன்னிரண்டு வசனம் என்பது பெரிய அளவு, அதனால்தான் கணக்கு பேசுகிறது. அதே எட்டுப் பத்திக்குள் ஒரு சின்ன இடைச்சொல் இருந்ததா என்று கேட்காதீர்கள்.

காலியாக விட்ட இடம் வேறு வகை. வத்திக்கான் சுவடியில் பக்கத்துக்கு மூன்று பத்தி, பத்திக்கு 42 வரி. மாற்கு 16:8ல் இரண்டாம் பத்தியின் நடுவே முடிகிறது, மூன்றாம் பத்தி முழுக்கக் காலி, லூக்கா அடுத்த பக்கத்தில் தொடங்குகிறது. புதிய ஏற்பாட்டுப் பகுதியில் இப்படி விட்ட இடம் இது ஒன்றுதான். 'எழுதியவருக்கு நீண்ட முடிவு (பிற சுவடிகளில் வரும் 16:9-20) தெரியும், அதற்காகவே இடம் விட்டார்' என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். இருக்கலாம், ஆனால் நோட்டில் 'மூன்றாம் பத்தி காலி' என்று மட்டும் எழுதுங்கள். காரணத்தை ஊகம் என்று தலைப்பிட்ட தனிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

9. திருத்தங்களைக் கை வாரியாகப் பிரியுங்கள்

ஒரே ஏட்டில் இரண்டு மூன்று பேருடைய கை இருக்கலாம். முதலில் எழுதியது எது, பின்னால் மாற்றியது எது என்று பிரிக்காமல் 'சினாய் சுவடி இப்படிச் சொல்கிறது' என்று எழுதக்கூடாது. வரியின்மேல் சிறிதாக எழுதியது, ஓரத்தில் அம்புக்குறியோடு சேர்த்தது, சுரண்டி மேலே எழுதியது, எழுத்தின்மேல் புள்ளி வைத்து நீக்கியது என்று ஒவ்வொன்றையும் தனியாகக் குறிக்கவேண்டும்.

சுரண்டிய இடம் வெறும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். பிரிட்டிஷ் மியூசியத்தில் டி. சி. ஸ்கீட் என்ற ஆய்வாளர் புறஊதா விளக்கின்கீழ் சினாய் சுவடியைப் பார்த்தபோது, மத்தேயு 6:28ல் ஒரு பழைய பாடம் வெளிவந்தது. காட்டுமலர்கள் 'வளர்கின்றன' என்று நாம் படிக்கும் இடத்தில் முதல் கை எழுதியிருந்தது 'ஊ க்ஸெனூசின்', அவை 'கம்பளியைச் சிக்கெடுப்பதில்லை' என்று பொருள். அடுத்து வருவது நூல் நூற்பதைப் பற்றிய சொல் என்பதால் அது அழகாகப் பொருந்துகிறது. 1938ல் இது அச்சில் வந்தது.

இதன் தொடர்ச்சி இன்னும் சுவையானது. ஆக்ஸிரிங்கஸ் பாப்பிரஸ் 655 என்ற துண்டில், இன்று தோமா நற்செய்தி என்று நாம் அறிந்திருக்கும் நூலின் ஒரு பகுதியில், இதே மலர்கள் வருகின்றன. 1904ல் பதிப்பித்தவர்கள் அங்கே ஒரு பழுதான இடத்தை 'வளர்கின்றன' என்று நிரப்பியிருந்தார்கள், ஏனென்றால் மத்தேயுவில் அவர்களுக்குத் தெரிந்தது அதுதான். சினாய் சுவடியின் அடிப்பாடம் தெரிந்த பிறகு அதே தடயங்களை 'சிக்கெடுப்பதில்லை' என்று படித்தார்கள். தெரிந்த பாடம் ஓட்டையை நிரப்பிவிடும் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, பெரிய அறிஞர்களுக்கும் அது நடந்திருக்கிறது. மத்தேயுவின் மூலமே இதுதானா என்பது தனிக் கேள்வி, எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

10. கடினமான பாடத்தை எடைபோடுவது

இது கடைசியில்தான் வரவேண்டும். 'கடினமான பாடமே முந்தியது' என்ற விதியைக் கேள்விப்பட்டவுடன் எல்லாரும் அதைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். பிரதி எடுப்பவர் புரியாததைப் புரியும்படி மாற்றுவார், புரிவதைப் புரியாதபடி வேண்டுமென்றே மாற்றமாட்டார் என்பது அதன் காரணம். சரியான விதிதான், ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: இது வெறும் கைத்தவறாக இருக்கமுடியுமா?

வத்திக்கான் சுவடியில் யோவான் 17:15ஐப் பாருங்கள். 'அவர்களை உலகிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி வேண்டவில்லை, தீயோனிடமிருந்து காக்கும்படியே வேண்டுகிறேன்' என்று இருக்கவேண்டிய வேண்டுதல், முதல் கையில் 'அவர்களைத் தீயோனிடமிருந்து எடுக்கும்படி வேண்டவில்லை' என்று நிற்கிறது. இதைவிடக் கடினமான பாடம் கிடைக்குமா? ஆனால் கிரேக்கத்தில் 'அவூதூஸ் எக் தூ' என்ற மூன்று சொற்கள் இந்த வசனத்தில் இருமுறை வருகின்றன. எழுதியவர் முதல் 'எக் தூ' வரை எழுதி, திரும்பிப் பார்க்கும்போது கண் இரண்டாவதில் விழுந்து, நடுவில் இருந்ததை விட்டுவிட்டார். கடினமாக இருப்பதால் இது மூலமாகிவிடாது. ஒரு சுவடியில் சொற்கள் குறைந்தால் முதலில் விடுபட்ட பகுதியின் தலையையும் வாலையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரே எழுத்துகளாக இருந்தால் பெரும்பாலும் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இனி உண்மையில் கடினமான ஒன்று. மாற்கு 1:41ல் தொழுநோயாளி மண்டியிட்டு வேண்டுகிறார், இயேசு 'மனமிரங்கி' அவரைத் தொட்டார் என்று பெரும்பாலான சுவடிகள் சொல்கின்றன. கேம்பிரிட்ஜில் இருக்கும் பேசா சுவடி மட்டும் கிரேக்கத்தில் 'சினந்து' என்கிறது, சில பழைய லத்தீன் பிரதிகள் அதனோடு சேர்கின்றன. இரண்டு சொற்களும் எழுத்தில் ஒன்றுபோல் இல்லை, கண் தவறியிருக்கும் என்று எளிதில் சொல்லமுடியாது. இரக்கத்தைக் கோபமாக மாற்ற யாருக்கும் காரணம் இல்லை, கோபத்தை இரக்கமாக மாற்றக் காரணம் உண்டு.

இங்கே இணைப் பகுதிகளைப் பாருங்கள், புதியவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். இதே நிகழ்ச்சி மத்தேயு 8:3லும் லூக்கா 5:13லும் வருகிறது, இரண்டிலும் இரக்கமும் இல்லை கோபமும் இல்லை. மாற்கில் இரக்கம் இருந்திருந்தால் இருவரும் ஏன் விடவேண்டும்? மாற்கு 3:5ல் இயேசு கோபத்தோடு சுற்றிலும் பார்த்தார் என்று வரும் இடத்திலும் அவர்கள் இருவரும் கோபத்தைச் சொல்லவில்லை. எதிர்ப்பக்கத்தில் இருப்பது சாட்சியின் எண்ணிக்கை: ஒரே ஒரு கிரேக்கச் சுவடி, அதுவும் தன் போக்கில் நிறைய மாற்றும் சுவடி. நெஸ்லே-ஆலந்து பதிப்பு இரக்கத்தையே மூலத்தில் வைத்திருக்கிறது. என் சாய்வு கோபத்தின் பக்கம். ஆனால் என் நோட்டில் இரண்டு பாடங்களும், ஒவ்வொன்றுக்கும் உள்ள சாட்சிகளும் முதலில் வருகின்றன, என் சாய்வு கீழே ஒரு வரியாக.

11. காலத்தைக் கடைசியில், அகலமாகக் குறியுங்கள்

கையெழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் சொல்வதில் ஐம்பது நூறு ஆண்டு முன்னே பின்னே ஆவது சாதாரணம். பாப்பிரஸ் 52ஐ ராபர்ட்ஸ் இரண்டாம் நூற்றாண்டின் முதல் பாதியில் வைத்தார். ஒப்பிடக் கிடைக்கும் கையெழுத்துகள் இன்னும் பிந்திய காலத்திலும் இருப்பதால் அந்த எல்லையை விரிக்கவேண்டும் என்று பிரெண்ட் நோங்ப்ரி என்ற ஆய்வாளர் 2005ல் காட்டினார். மாற்கு முதல் அதிகாரத்தின் ஒரு சிறு துண்டு, இப்போது பாப்பிரஸ் 137 என்று எண்ணிடப்பட்டது, முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று ஆண்டுக்கணக்கில் பேச்சு ஓடியது. 2018ல் பதிப்பு வந்தபோது அது இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று குறிக்கப்பட்டிருந்தது.

ஆகவே காலத்தை ஓர் ஆண்டாக எழுதாதீர்கள், நூற்றாண்டு எல்லையாக எழுதி, யார் சொன்னது என்றும் சேருங்கள்.

அடுத்த துண்டுக்குப் போகும் முன் உங்கள் முதல் பெயர்த்தெழுத்தைப் பேனாவால் உறுதிப்படுத்தி, தேதி போட்டு மூடி வையுங்கள். ஒரு மாதம் கழித்து அதே படத்தைப் புதிய தாளில் மறுபடி எழுதி, இரண்டையும் ஒப்பிடுங்கள். புள்ளி வைக்காத எழுத்து ஏதாவது மாறியிருந்தால், இரண்டு தாளிலும் அதற்குக் கீழே புள்ளி வையுங்கள்.